எழுத்து அட்டையும் சாட்சியமும்

பொய் சொல்லாதே என்று இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கொழும்பில் ஒரு கண் கிளினிக்கின் வாசல் வாங்கில் இருந்தபடி என் சாச்சாவின் மகனிடமும் அதையேதான் சொன்னேன். அப்படிச் சொன்னது சரிதானா என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கெழுதியவன். விழித்திரை ஓரங்களிலிருந்து அழிந்துகொண்டு வருகிற நோய். மாலைக்கண்ணாகத் தொடங்கி, வருடக்கணக்கில் பார்வையைச் சுற்றிலுமிருந்து தின்று, நடுவில் ஒரு சாவித்துவாரத்தை மட்டும் மிச்சம் வைக்கும். பரம்பரையாக வருவது; நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கிற குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது. (மூன்று தலைமுறையாக நாங்கள் வேறென்ன செய்தோம்?) அந்தத் துவாரத்தால் அவன் பேப்பரின் பொடி எழுத்தையும் வாசிப்பான். காலடியில் இருக்கிற வாளி தெரியாது. வெள்ளவத்தையில் ராத்தா வீட்டுக்கு வரும்போது, காலி வீதியில் தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைச் சரியாகச் சொல்வான். பஸ்ஸுக்கும் தனக்கும் நடுவே நிற்கிற முச்சக்கரவண்டியில் போய் முட்டுவான். வெள்ளைப் பிரம்பு ஒன்று பைக்குள் மடித்துக் கிடந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு பேப்பர் வாசித்தால் சனம் என்ன சொல்லும்?

சனம் சொல்லத்தான் செய்தது. உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோது, தேத்தண்ணிக் கடையில் அவன் பேப்பர் வாசித்ததைக் கண்ட ஒருவர் உரிய இடத்தில் அதைச் சொல்லி வைத்தார். வைத்தியச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள்.

வாங்கில் பக்கத்தில் இருந்த முதியவர், "தம்பி, மேல் ரெண்டு வரியோட நிப்பாட்டுங்க. மத்தது தெரியல்ல எண்டு சொல்லுங்க" என்றார். அவன் என் பக்கம் திரும்பி, "நானா, என்ன செய்ய?" என்றான்.

"உள்ளதச் சொல்லு" என்றேன்.

கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் வாசித்துவிட்டு வந்தான். சான்றிதழில் 6/9 என்று எழுதியிருந்தது. சாதாரணக் கண் 9 மீற்றரில் வாசிப்பதை இவன் 6 மீற்றரில் வாசிக்கிறான் என்று அர்த்தம். வேறொன்றும் எழுதப்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஆசிரிய கலாசாலையில் அளவீடும் மதிப்பீடும் படித்தபோது ஒன்று சொல்லித் தந்தார்கள். ஒரு சோதனை நூறு தரம் வைத்தாலும் அதே புள்ளியைத் தரலாம், ஆனாலும் அளக்க வேண்டியதை அது அளக்காமலே இருக்கலாம். எழுத்து அட்டை அளந்தது பார்வையின் கூர்மையை. அவன் இழந்தது அகலத்தை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, மையத்தைச் சுற்றி 10 பாகைக்கு மேற்படாத பார்வைப் பரப்பு உள்ளவரை, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், பார்வையற்றவராகவே கொண்டது. இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பரப்புக்கு 20 பாகை என்றும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 10 பாகைக்குக் குறைவு என்றும் எண் போட்டே எழுதின. நமது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வகுத்த வரைவிலக்கணத்தில் எண் எதுவும் இல்லை. உடல், உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பதே அதன் சாரம். அப்படியானால் உழைத்துச் சாப்பிடுகிற குருடர் யார்? 1988இல் வந்த 27/88 சுற்றுநிருபம் அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்கியது. குறைபாடு கடமைக்கு இடையூறாக இருக்கக்கூடாது என்றும் அதிலேயே நிபந்தனை வைத்தது. இயலாதவன் என்று ஒரு கடதாசி, இயலும் என்று இன்னொரு கடதாசி. ஒரே மனுசன் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பொதுப் பணம், கேட்டவனுக்கெல்லாம் கொடுக்க முடியாது. ஆனால் 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயம் குறையை ஆளின் உடம்பில் மட்டும் தேடவில்லை. உடம்பும் சூழலின் தடைகளும் மோதுகிற இடத்தில் தேடுகிறது. அதன்படி பார்த்தால், நடைபாதையில் ஏற்றி நிறுத்திய முச்சக்கரவண்டியும் கொட்டாஞ்சேனையின் மூடியில்லாத கானும் அவனுடைய குருட்டுத்தனத்தில் பங்காளிகள். விண்ணப்பப் படிவத்தில் அவற்றுக்கு நிரல் ஏது?

வழிகாட்ட ஆளில்லை, வீட்டில் தொழட்டுமா என்று கேட்டுவந்த பார்வையற்ற ஸஹாபியிடம், பாங்கு கேட்கிறதா என்றுதான் நபிகளார் கேட்டார்கள். எவ்வளவு தெரியவில்லை என்று கேட்கவில்லை. இதை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பள்ளியின் ஹவ்ழுப் படிக்கு ஒரு கைபிடி வைக்க மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.

என்னை அரிக்கிற கேள்வி வேறு. அன்று அவன் இரண்டாம் வரியோடு நிறுத்தியிருந்தால் வாய் பொய் சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் கடதாசி அவனுடைய வாழ்க்கைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியிருக்கும். அவன் உண்மை சொன்னான். கடதாசி பொய்யாகிப் போனது. கேள்வியே பிழையாக இருக்கும்போது, சரியான விடை சொன்னவனைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது? "எனக்கு வாசிக்க ஏலும், நடக்க ஏலாது. அதையும் எழுதுங்க" என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. உள்ளதைச் சொல் என்பது உபதேசமாக லேசானது. கூட உள்ளே போயிருக்க வேண்டும்.

பல மாதங்களுக்குப் பிறகு வேறோர் இடத்தில் பார்வைப் பரப்பையும் சோதித்து எழுதி வாங்கினோம். இப்போது உதவிப்பணம் வருகிறது. பிரம்பை விரித்தபடிதான் வெளியில் போகிறான். போன முறை நான் கொழும்புக்குப் போனபோது, வழக்கமான தேத்தண்ணிக் கடையில் அவனைக் காணவில்லை. பேப்பரை வீட்டுக்கு வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு வாசித்துக்கொண்டிருந்தான்.