வழிவந்ததும் போலியும்

ஒரு பொருளின் மதிப்பு அதன் பயனில் இருக்கிறதா, பிறப்பில் இருக்கிறதா என்பது மிகப் பழைய வினா. மனிதரைக் குறித்து இவ்வினா எழுந்தபோது நம் சான்றோர் பிறப்பைத் தள்ளி ஒழுக்கத்தைக் கொண்டனர். பொருள்களைக் குறித்து எழும்போதோ உலகம் பிறப்பையே இறுகப் பற்றிக்கொள்கிறது. இம்முரண்பாடு தெளிவாக விளங்கும் இடம் ஒன்று உண்டு. அது ஏட்டிலும் இல்லை, கோயிலிலும் இல்லை. அமெரிக்காவின் பழைய கார்ச் சந்தையில் இருக்கிறது.

1959இல் லெமான் பந்தயத்தில் வென்ற அமெரிக்க வீரர் கேரல் ஷெல்பி, 1962இல் ஒரு காரை உருவாக்கினார். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்துவந்த ‘ஏஸ்’ என்னும் சிறு காரில், ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திக் ‘கோப்ரா’ என்று பெயரிட்டார். 1967 வரை செய்யப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே. அவற்றுள் முதலாவது, 2016ஆம் ஆண்டு ஏலத்தில் ஒரு கோடியே முப்பத்தேழரை லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஆயிரவர்க்கே கிட்டிய அழகைப் பல்லாயிரவர் விரும்பினர். ஆகவே கண்ணாடி இழையில் உடல் வார்த்து, புதிய சட்டத்தின்மேல் ஏற்றி, அதே வடிவில் நகல் கார்கள் பெருகின. இன்று சாலையில் காணும் கோப்ராக்களுள் மிகப் பெரும்பாலானவை நகல்களே.

நகலின் விலை மூலத்தின் விலையில் சிறு கூறே என்பதில் வியப்பில்லை. வியப்பு, நகலுக்கும் நகலுக்கும் இடையே சந்தை காணும் வேற்றுமையில் இருக்கிறது. ஒரே உடல், ஒரே வண்ணம், ஒத்த வேலைத்திறம் உடைய இரண்டு நகல் கார்களைக் கருதுவோம். ஒன்றில் ஃபோர்டு எஞ்சின். மற்றதில் செவ்ரோலே எஞ்சின். பின்னது மலிவு, உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும், ஆற்றலிலும் குறைந்ததன்று. ஆயினும் மறுவிற்பனையில் பொதுவாக முன்னதே கூடுதல் விலை பெறுகிறது. இரண்டும் மூலமல்ல என்று அறிந்தே வாங்குபவர், அவற்றுள்ளும் எது மூலத்துக்கு உறவு என்று வினவுகிறார். மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படுவது எஞ்சின். காரின் பேச்சும் மூச்சும் அதுவே. அங்கே அயலான் ஒருவன் அமர்ந்திருந்தால் உடலின் ஒப்புமையும் வேடமாகத் தோன்றுகிறது.

எனினும் எல்லா வாங்குவோரும் ஒரு திறத்தார் அல்லர். அறுபதுகளின் ஃபோர்டு எஞ்சினையே தேடிப் பொருத்தியதற்கு மகிழ்ந்து விலை கொடுப்பவர் சிலர். 2011ஆம் ஆண்டு மஸ்டாங் காரில் வந்த புதிய ஃபோர்டு எஞ்சின் இருந்தால் நலம், காலையில் சாவியைத் திருப்பியதும் இயங்குமே என்பவர் வேறு சிலர். முன்னவர் வாங்குவது நினைவு. பின்னவர் வாங்குவது பயணம்.

இனி, மூலம் என்கிறோமே, அதன் பிறப்பைச் சற்று ஆராய்வோம். ‘ஏஸ்’ காரின் உடல் வடிவம் இத்தாலிய ஃபெராரி 166ஐப் பெரிதும் ஒத்தது. ஷெல்பியின் கைக்கு வருமுன் அதில் இருந்த பிரிஸ்டல் எஞ்சினோ, போருக்கு முந்திய ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. 328இன் வழியில் வந்தது. ‘427’ என்று பெயர்பூண்டு விற்ற மூலக் கோப்ராக்கள் பலவற்றில், விலை குறைந்த 428 எஞ்சினே இருந்தது. முதல் கோப்ரா ஒன்றே இருந்த நாளில், பத்திரிகைக்காரர்க்குக் காட்டும்போதெல்லாம் ஷெல்பி அதற்கு வேறுவேறு வண்ணம் பூசி, பல கார்கள் இருப்பதுபோல் தோன்றச் செய்தார். மூலமே பலவாக நடித்த கதை இது! கலப்பற்ற தனித்தூய்மை என்பது மூலத்திலும் இல்லையென்றால், நகலை மட்டும் இகழ்வது எங்ஙனம் தகும்?

இங்கே நம் இலக்கண மரபு நமக்கு ஒளி காட்டுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்னோன் வேண்டும் சில வேறுபாடுகளையும் ஏற்பது வழிநூல். சிறிதளவே ஒத்து, ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல். ஃபோர்டு எஞ்சின் தாங்கிய நகலை வழிநூல் என்றும், செவ்ரோலே தாங்கியதைச் சார்புநூல் என்றும் நாம் கொள்ளலாம். மூன்றில் எதையும் நம் முன்னோர் பொய்ந்நூல் என்று ஒதுக்கவில்லை. ஆனால் ஒன்றை வலியுறுத்தினர். பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை அடுத்து, நூல் வந்த வழியையும் சொல்லியாகவேண்டும். வழிவருதல் குற்றமன்று, வழியை மறைத்தலே குற்றம்.

“வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அது போதாதா?” என்று கேட்கலாம். 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இவ்வினாவைச் சந்தித்தது. ஃபெராரியின் வடிவில் கண்ணாடி இழை உடல்கள் செய்து விற்றவர், இவை ஃபெராரி அல்ல என்று வாங்குவோர்க்குச் சொல்லியே விற்றதாக வாதிட்டார். அது போதாது, விற்றபின் சாலையில் காண்போரும் மயங்குவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. வாய்ச்சொல் முதல் வாங்குபவரோடு நின்றுவிடுகிறது. பொருளோ கைமாறிச் சென்றுகொண்டே இருக்கிறது. 2015இல் அந்நாட்டில் இயற்றிய சட்டம், சிறு அளவில் நகல் கார் செய்வோர்க்கு விலக்களித்தபோது, ‘இது நகல்’ என்றும், எந்த ஆண்டின் காரைப் பின்பற்றியது என்றும் கூறும் நிலையான சீட்டு ஒன்று காரிலேயே இருக்கவேண்டும் என விதித்தது. பாயிரத்தை நூலோடு சேர்த்துக் கட்டிய செயல் அன்றோ இது?

மறுவிற்பனையே அறத்தின் உரைகல் என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுதான். செய்தவர்க்கு உண்மை தெரியும். முதலில் வாங்கியவர்க்கும் தெரியும். மூன்றாமவர் முன்னவர் சொல்லையே நம்பி வருகிறார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இந்நிலை புதிதன்று. மாற்றல் உத்தரவு வந்தவுடன் கட்டிலையும் அலமாரியையும் ஸ்கூட்டரையும் முன்பின் அறியாதவர்க்கு விற்கிறோம். போய்ச் சேர்ந்த ஊரில் முன்பின் அறியாதவரிடம் வாங்குகிறோம். ஸ்கூட்டரின் எஞ்சின் ஒருமுறை பிரித்துக் கட்டப்பட்டது என்று சொன்னால் நூறு ரூபாய் குறையலாம். சொல்லாவிட்டால் அந்த நூறு நம் பையில் இருக்கும். ஆனால் அது நம்முடையதாக இராது.

செவ்ரோலே எஞ்சினைத் தாங்கி, அதை வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படும் நகல் கார், குறைந்த விலை பெற்றாலும் குறைவற்ற பொருள். மூலத்தின் பெயர்த்தகட்டை ஒட்டிக்கொண்டு, வழியை மறைத்து விற்கப்படும் கார், எவ்வளவு விலை பெற்றாலும் களவே. சந்தை பிறப்புக்கு விலை கூறட்டும்; அது அதன் இயல்பு. நம் கையில் இருப்பது வந்த வழியைச் சொல்லும் வாய்மை ஒன்றே. அதைச் சொல்லிவிட்டால் நகலும் தலைநிமிர்ந்து ஓடும்.