வரிசையும் அபேட்சாபுத்தியும்

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் உள்ள நிலமொன்றின் பட்டாவை இணையத்தில் புல எண் கொண்டு தேடுவோர், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்ற வரிசையிலேயே செல்கின்றனர். ஒரே புல எண் பல ஊர்களில் இருப்பதால், அது மட்டும் தெரிந்து பயனில்லை. பல நெடுவரிசைகளை அடுக்கிப் பதிவை விரைந்து காட்டும் தரவுத்தளக் கூட்டுச் சுட்டெண்ணும் இவ்வாறே முதல் நெடுவரிசையைச் சார்ந்தது. எஸ்க்யூஎல் சர்வர் எனும் தரவுத்தள மென்பொருளில் மதிப்புகளின் பரவலை விரித்துரைக்கும் புள்ளிவிவரம் முதல் நெடுவரிசைக்கே அமைகிறது; ஏனையவை முன்னதனோடு சேர்ந்து, சராசரி அடர்த்தியாக மட்டுமே அறியப்படுகின்றன.

இவ்வாறு வரிசையில் ஒன்று பெறும் முதன்மை, பொருளின் இயல்பா, கேட்பவர் நோக்கின் விளைவா? பரத்துவம், அபரத்துவம் எனும் சேய்மை அண்மைகளைக் குணங்களாகவே கொண்ட இந்திய மெய்யியல் மரபான வைசேஷிகம், அவை தோன்ற அபேட்சாபுத்தி, அதாவது ஒன்றை மற்றொன்றோடு சார்த்திப் பார்க்கும் அறிவு, வேண்டும் என்றது. இவ்விடையே பொருத்தமானது, மிக நுட்பமானதும்கூட: உரிமையாளர் பெயரை முன்வைத்துத் தேடுபவருக்கு வேறு சுட்டெண் தேவைப்படுகிறது; நிலமோ, அதன் பதிவோ மாறுவதில்லை.