கேளாமல் தீர்த்த தீர்ப்பு

இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆவியானவர் என் சொந்தப் பாவம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினபடியால் அதையே எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிகிற வேளையில் ஒரு சகோதரி, "பாஸ்டர், பணத்தைக் காணோம்" என்று அழுதார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வைத்திருந்த 2,000 ரூபாய். பாயில் பெண்கள் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் என் காதருகே வந்து, "புதுசா வர்றாங்களே, கூடை விக்கிற அம்மா, அவங்க ஆளுங்கள நம்ப முடியாது பாஸ்டர்" என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நேரே அந்த அம்மாவிடம் போய், "தப்பா நினைக்காதீங்கம்மா, பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றேன்.

மூங்கில் கிழிக்கிற கத்தி, சீப்பு, பாதி பன், நாம் கொடுத்த புதிய ஏற்பாடு. அவ்வளவுதான் இருந்தது. "எங்களுக்கு இது பழக்கம்தாங்கய்யா" என்று சொல்லி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதும் ஒரு குரல், "வேற எங்கயாவது மாத்தி வச்சிருப்பா" என்றது. மறுநாள் காலை பணம் அந்தச் சகோதரியின் வேதாகம உறைக்குள்ளேயே இருந்தது.

பழக்கம் என்றார்களே, அது எப்படி வந்த பழக்கம்? வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலான பல ஜனங்களின் பெயரைப் பதிந்து, கைரேகை வாங்கி, காவலில் வைத்தார்கள். நீ திருடினாயா என்று யாரும் கேட்கவில்லை. பிறந்ததே போதும். 1920 ஏப்ரல் 3-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த ஜனங்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது, 1952-ல் தேசம் முழுவதும் ஒழிந்தது. ஆனாலும் 2024-ல்கூட உச்ச நீதிமன்றம் இந்த ஜனங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கிற வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தினவர்கள் கிறிஸ்தவர்களே. ஆந்திராவில் ஸ்டூவர்ட்புரத்தை நடத்தினது இரட்சணிய சேனை. பள்ளிக்கூடமும் வேலையும் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனாலும் அந்த அன்புக்குச் சுற்றிலும் காவல் இருந்தது.

"அப்போ ஜாக்கிரதையே வேண்டாமா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். வேண்டும். பணத்தைப் பத்திரமாக வையுங்கள், கதவைப் பூட்டுங்கள். பூட்டு எல்லாருக்கும் ஒரே பூட்டு. நான் செய்தது அதல்ல. நம் மூப்பருடைய மனைவியிடம் பையைத் திறக்கச் சொல்லியிருப்பேனா? நாக்கு எழும்பியிருக்காது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாதவரிடம் எழும்பிற்று. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுகிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். தேவனுடைய வீட்டிலோ அந்த அம்மா தன்னை நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிரூபித்த பிறகும் நாம் நம்பவில்லை.

அப்போஸ்தலர் 21-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். எபேசியனாகிய துரோப்பீமு பவுலோடு நகரத்தில் இருந்ததை யூதர்கள் பார்த்திருந்தார்கள். அவன் புறஜாதியான். ஆகவே பவுல் அவனை தேவாலயத்துக்குள்ளும் கூட்டிவந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். பார்த்தது தெருவில், நினைத்தது தேவாலயத்தில். நடுவில் ஒரு கேள்வியும் இல்லை. நகரமே கலங்கி, பவுலை அடித்தார்கள். அடித்தவர்கள் பக்தியுள்ளவர்கள், பண்டிகைக்கு ஜெபிக்க வந்தவர்கள். நம்மைப் போல. சோதோமின் கூக்குரலைக் கேட்ட கர்த்தரே, அது மெய்யோ என்று பார்க்க இறங்கிப் போவேன் என்றாரே (ஆதி. 18:21). எல்லாம் அறிந்தவர் விசாரிக்கிறார். ஒன்றும் அறியாத நான் விசாரிக்கவில்லை.

ஞாயிறு மாலை அந்த அம்மாவின் குடிசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூங்கில் சீவிக்கொண்டே கேட்டார்கள். "நீங்க வந்து சொன்னது சரிங்கய்யா. ஆனா அன்னைக்கு அத்தனை பேர் முன்னால கேட்டீங்களே" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வெள்ளி உபவாச ஜெபத்தில் நாற்பது பேர் முன்பாகவும் என் குற்றத்தை அறிக்கையிட்டேன். அன்று அவர்கள் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். இப்போது தவறாமல் வருகிறார்கள், ஸ்தோத்திரம். பையை மட்டும் வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.