பல அடுப்புகளும் ஒரு முற்றமும்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பெருவீடுகள் சில, அறைதோறும் குளியலறையும் குளிர்சாதனமும் பெற்று, அயலூராருக்கு வாடகைக்கு விடப்படுகின்ற இந்நாளில், முன்னோர் கட்டிய இல்லத்தைப் பகுத்துப் பல குடியிருப்புகளாக்குவது அதன் தர்மத்துக்குப் பங்கமாகுமா என்ற ஐயம் செட்டிநாட்டுப் பெரியவர்களின் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுகிறது. கொத்தனாரும் பொறியாளரும் தீர்த்துவைக்கட்டும் என்று இதனை விட்டுவிடலாகாது; ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாக இருக்கிறது என்னும் பழைய தத்துவ விசாரமே இதன் அடியில் கிடக்கிறது.

கோயில் விஷயத்தில் ஆகமங்கள் இதற்குத் தயங்காமல் விடை சொல்லியிருக்கின்றன. பழுதுற்ற ஆலயத்தைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தில், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு ஈர்த்து, பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்து, நித்திய பூஜை ஒரு நாளும் தடைப்படாமல் நடத்தி, திருப்பணி நிறைவேறியபின் கும்பாபிஷேகத்தின்போது மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்ப்பிப்பது மரபு. தெய்வத்தன்மை கல்லோடு கட்டுண்டதன்று. ஆனால் கணப்பொழுதும் அதனை இடமில்லாமல் நிறுத்திவைக்கலாகாது. இந்த நம்பிக்கையின் பலத்தில்தான், பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கோயில்களில் கொட்டினார்கள். பழைய சந்நிதிகள் பல பிரிக்கப்பட்டுப் புதுக் கருங்கல்லில் எழுந்தன. அவற்றோடு கல்வெட்டுகளும் மறைந்தனவே என்று சரித்திர ஆசிரியர்கள் வருந்தியதுண்டு, வருத்தம் நியாயமானதே. கல்லை இரண்டாமிடத்தில் வைத்த அந்தக் குலத்தின் சந்ததியார், தங்கள் சொந்த வீட்டுச் சுவரில் ஒரு குழாய் பதிக்கக் கலங்கி நிற்பது விந்தைதான்.

மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த சம்வாதத்தில், தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாக வினவி, எதுவும் அன்று என்று கண்டு, அவை சேர்ந்த சேர்க்கைக்கே அப்பெயர் என்று முடிவு காண்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட்கடைகளில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சம்வாதம் விளங்கப் பிரயாசை வேண்டியதில்லை. இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும், கஜலக்ஷ்மி செதுக்கிய நிலைகளும், எண்ணெய் விளக்கின் கரி படிந்த மாடப் பலகைகளும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. பழுது ஒன்றும் இல்லை. ஆனால் வீடு அங்கே இல்லை. உறுப்புகளைக் காப்பாற்றிவிட்டால் இல்லத்தைக் காப்பாற்றியதாகும் என்பாருக்கு இந்தத் தெருவே போதிய மறுப்பு.

அப்படியானால் அந்தச் சேர்க்கைதான் யாது? இங்கேதான் செட்டிநாட்டு வீடு நம் எண்ணத்தைத் திருத்துகிறது. ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே குடும்பம் என்று வெளியார் கற்பனை செய்யும் அந்த மாளிகை, தொடக்கத்திலிருந்தே பல குடித்தனங்களுக்காகத் திட்டமிடப்பட்டது. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த இரட்டை அறைகள் மணமான மைந்தர்களுக்கு உரியவை. மணமுடித்துச் சிறிது காலத்தில் 'வேறு வைத்து', பாத்திரமும் பண்டமும் கொடுத்து, தனியே உலை வைக்கச் செய்துவிடுவார்கள். அன்றுமுதல் அத்தம்பதிகள் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படும் ஒரு 'புள்ளி'. பெண்ணின் சீர்ச் சாமான்கள் உள்ளறையில் பெட்டிகளில் அடங்க, அண்ணன் வீட்டுப் புளிக்குழம்பும் தம்பி வீட்டு ரசமும் பின்கட்டில் வெவ்வேறு அடுப்புகளில் கொதித்துக்கொண்டிருக்கும். அடுப்பு பல, முற்றம் ஒன்று, சாமி அறை ஒன்று, இறந்தோருக்கு வேட்டியும் சேலையும் வைத்துப் படைக்கும் படைப்பு ஒன்று. பகுப்பு அந்த இல்லத்துக்கு நேர்ந்த விபத்தன்று, அதன் இயல்பே. ஆதலால் பத்து அறையைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதால் மட்டும் தர்மம் கெட்டுவிடாது என்பது என் துணிபு.

கெடுவது வேறிடத்தில். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவை விட்டு வந்ததும், பின்னர் அங்கிருந்த நிலங்கள் கைநழுவியதும் வருமானத்தை அறுத்தன. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். 1989-இல் தமிழகச் சட்டம் அப்போது மணமாகாதிருந்த மகளிருக்கும், 2005-இல் மத்தியச் சட்டம் மணமானவர் உட்பட எல்லா மகளிருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வழங்கியபின், முன்பு சீரோடு அனுப்பப்பட்டுவிட்ட பெண்ணின் கையொப்பமும் வேண்டியதாயிற்று. வழங்கியது நீதி, தாமதமாக வழங்கியது என்பதே குறை. இத்தனை கைகள் ஒன்றுசேராதவிடத்து வீடு பூட்டியே கிடக்கும்; பூட்டிய வீட்டில் கறையான் பங்கு கேட்பதில்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது கௌரவமே ஆயினும், பட்டியல் ஓடு மாற்றித் தராது.

குடியேறுவோர் வசதிக்காக மாற்றும்போதும், வீட்டின் குணம் அறிந்து மாற்றுதல் வேண்டும். நாற்புறக் கூரையும் உட்சரிந்து மழைநீரை முற்றத்தில் இறக்கியதும், தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தடுத்து ஈரத்தை வெளியே விட்டதும், இன்று 'நிலைத்தன்மை' என்று புதிதாகப் போற்றப்படுவனவற்றை அன்றே செய்துவந்தன. முட்டையின் வெண்கருவும் கலந்து, பளபளக்கும்வரை கல்லால் தேய்த்த அந்தப் பூச்சின்மேல் சிமெண்டு அப்பினால், உள்ளே தங்கிய ஈரம் கொப்புளித்துப் பூச்சையே உதிர்க்கும். இதற்கு மேல் இதைப் பற்றிக் கொத்தனாரைக் கேட்பதே நலம்.

எஞ்சிய கேள்வி, வீட்டுக்குப் பாலாலயம் எது என்பது. வாடகை கொடுத்து வருபவரை அதிதி என்று அழைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. அவர் வாடிக்கையாளர், மரியாதைக்குரியவர், அவ்வளவே. ஆயின் குத்தகைப் பத்திரம் எழுதும்போது, சாமி அறையின் சாவி பங்காளிகளிடமே இருக்கும் என்றும், அங்கே மாலை விளக்கு ஒருநாளும் தவறாதென்றும், படைப்பு நாளில் வளவு முழுவதும் குலத்தாருக்கு ஒழித்துத் தரப்படும் என்றும், எந்த மகளும் எந்தப் பேரனும் அன்று முன்னறிவிப்பின்றி வந்து இலையில் அமரலாம் என்றும் எழுதிவிட்டால், அறைகள் எத்தனை கைக்கு மாறினாலும் அந்த இல்லம் இல்லமாகவே நிற்கும் என்று கொள்ளலாம். விடுதி நிர்வாகி இதனால் ஆண்டில் சில நாள் வரும்படி போகிறதே என்று முறையிடுவார். கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கிய தொகைக்கு நகரத்தார் பேரேட்டில் மகமை என்றொரு தலைப்பு முன்பே இருக்கிறது. அந்த நஷ்டத்தை அதில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.