தாமரையிலை நீரும் உவமையின் நிலையும்

தாமரையிலையின்கண் நீர் ஒட்டாது நிற்றலை, உலகிலிருந்தே உலகிற் பற்றின்றி ஒழுகும் ஆன்றோர்க்கு உவமையாகக் கூறுதல் நம் நாட்டுப் பழைய வழக்கு. யாமும் நாற்பதாண்டுகளாக மாணவர்க்கு அவ்வாறே கூறிவந்தேம். கூறுங்கால், இலை வழுவழுப்பாயிருத்தலின் நீர் வழுக்கிப் போகின்றது, அங்ஙனமே ஞானியருள்ளத்திற் பற்றுத் தங்க இடமின்று என ஒரு காரணமுஞ் சேர்த்துக் கூறினேம். அக்காரணம் பிழையென அண்மையில் அறிந்தேம். காரணம் பிழைத்தவழி உவமையும் பிழைத்ததாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பிழையைக் காட்டியது ஜெர்மனி தேயத்துத் தாவரநூற் புலவர் வில்ஹெல்ம் பார்த்லோட் என்பாரது ஆராய்ச்சி. 1946-இற் பிறந்த இவர் ஹைடல்பெர்க்கிற் கற்று, பின்னர்ப் பான் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய், அந்நகரத் தாவரத்தோட்டத்தையும் பல்லாண்டு நடத்தினார். இவர் முதலில் நாடியது தூய்மையை அன்று. செடிகளை இனம் பிரித்தற்பொருட்டு, 1970-களில் இலைகளின் மேற்றோலை எலக்ட்ரான் நுண்பெருக்கியில் வைத்து நோக்கினார். அதற்குமுன் இலையிற் படிந்த தூசியைக் கழுவுதல் வேண்டும். வழுவழுப்பான இலைகளே தூசி மிக்கிருந்தன. முருடான மேற்பரப்புடைய சில இலைகளோ கழுவாமலே தூயனவாயிருந்தன. வேலை மிச்சமாயிற்று என்று பிறர் மகிழ்ந்து விட்டிருப்பர், இவர் விட்டிலர்.

தாமரையிலையின் மேற்புறம் முழுதும் நுண்ணிய கூம்புகள். அவை மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்களவின. அவற்றின்மேல் மெழுகுக் குழல்கள் செறிந்துள்ளன. அவற்றின் விட்டமோ ஏறத்தாழ 100 நானோமீட்டர், அஃதாவது மில்லிமீட்டரிற் பதினாயிரத்திலொரு பங்கு. முனைகளினிடையே காற்று நிற்றலின், நீர்த்துளி முனைகளை மட்டுந் தொட்டு உருண்டையாக நிற்கும். தூசியும் முனைகளையே தொட்டிருத்தலின், உருளுந் துளி அதனைத் தன்னோடு கொண்டுபோகும். துளைபட்ட பரப்பில் நீர் நிற்குமாற்றைக் காஸி, பாக்ஸ்டர் என்னுமிருவர் 1944-இலேயே கணக்கிட்டுக் காட்டினர். பார்த்லோட், கிறிஸ்டோப் நைன்ஹூயிஸ் என்பவரோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை, இலை தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளுமாற்றை விளக்கிற்று. அவ்வியல்பைப் பின்பற்றிய சுவர்ப்பூச்சு 1999-இல் விலைக்கு வந்தது.

இனி, உவமைக்கு வேண்டுவது இருபொருட்கும் ஒத்த தன்மை. ஈண்டு ஒத்த தன்மை ஒட்டாமை, அது கண்கூடு. வழுவழுப்பு யாம் சேர்த்தது. தீயினின்றும் புகை எழுமாற்றைப் பிழைபட உரைப்பானும், புகை கண்டு தீயுண்மை துணிதலிற் பிழையான். ஆகலின் உவமை நிற்கும்.

ஆயினும் அவ்வளவிற் றப்பித்துக்கொள்ளுதல் நேர்மையன்று. பிழைபட்ட காரணம் மாணவருள்ளத்திற் பிழைபட்ட கருத்தையும் விதைத்தது. எதுவுந் தொடாத மழமழப்பே பற்றின்மை என எம்மோடு அவரும் எண்ணினர். வெடுக்கென மறுத்துப் பேசிய மாணவனொருவனைப் பற்றுடையன் எனவும், எதற்கும் இன்முகங் காட்டிய வேறொருவனைப் பக்குவன் எனவும் யாமே மதித்திருந்தேம். பின்னாளில் இருவரும் ஒழுகியவாறு அம்மதிப்பைத் தலைகீழாக்கிற்று. முருடே பற்றின்மை என்பது எம் கருத்தன்று. அது மற்றொரு பிழையாம். இலை நீரைத் தொடாது நிற்கவில்லை, தாங்கியே நிற்கின்றது. தாங்கியும் தன்னுள் விடுகின்றதில்லை. இவ்வளவே கொள்ளற்பாலது.

அற்றேல், பூச்சினால் சுவருக்கும் அப்பண்பு வருமாயின், பற்றின்மையும் புறத்தே பூசத்தக்கதாமோ எனின், ஆகாது. உயிருள்ள செடிகள் பல, தேய்ந்த மெழுகை உள்ளிருந்தே மீளச் சுரக்கின்றன. சுவருக்கோ பூச்சுத் தேய்ந்தால் வேறொருவன் வந்து பூசவேண்டும். வேடத்துக்கும் நிலைக்கும் உள்ள வேற்றுமையும் இதுவே. மடங்களில் வாழ்வார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

சென்ற திங்கள் குளத்தினின்றும் ஓரிலை கொணர்வித்து, மாணவர் முன் நீர் தெளித்தேம். முத்துப்போல் உருண்டோடிற்று. பின்னர்ச் சவர்க்காரங் கரைத்த நீரைத் தெளித்தபோது, அது பரந்து இலையை நனைத்துவிட்டது. சவர்க்காரத்துக்கு உவமேயம் யாதென ஒரு சிறுவன் வினவினான். மறுநாட் சொல்வதாகக் கூறினேம்; இன்னுஞ் சொல்லிற்றிலேம்.