திருவோட்டில் விழுந்த நாவல்

ஜமைக்காவின் தெற்குக் கரையில் ட்ரெஷர் பீச் என்றொரு மீனவ ஊர். 2001-இல் அங்கே தொடங்கியது காலபாஷ் இலக்கிய விழா. நுழைவுக் கட்டணம் கிடையாது. மேடைக்குப் பின்னால் திரைச்சீலை இல்லை, கடல்தான். கவிஞர் வாசிக்க வாசிக்க, அவர் முதுகுக்குப் பின்னால் அலை புரளும். பேர்பெற்றவர்கள் நின்ற அதே மேடையில் முன்பின் தெரியாதவரும் ஏறித் தன் கவிதையை வாசிக்கலாம். காலபாஷ் என்பது வேறொன்றுமில்லை, நாம் திருவோட்டுக்காய் என்கிறோமே, அதுதான்.

மார்லன் ஜேம்ஸ் என்ற ஜமைக்கா இளைஞரின் முதல் நாவலைப் பதிப்பகங்கள் ஏறக்குறைய எண்பது முறை திருப்பி அனுப்பின. மனம் வெறுத்தவர் கையெழுத்துப் பிரதியை அழித்தார். நண்பர்களின் கணினிகளில் கிடந்ததையும் தேடிப்போய் அழித்தார். அப்புறம்தான் காலபாஷ் எழுத்துப் பட்டறையில் அமெரிக்க நாவலாசிரியர் கேய்லி ஜோன்ஸைச் சந்தித்தார். முழு நாவலையும் படிக்க வேண்டும் என்றார் அவர். கொடுக்கத்தான் கையில் எதுவுமில்லை!

ஆனாலும் அந்த நாவல் 2005-இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, வேறொரு நாவலுக்காக, புக்கர் பரிசு பெற்ற முதல் ஜமைக்கர் ஆனார் ஜேம்ஸ். அழித்த நாவல் எங்கே அகப்பட்டது தெரியுமா? பழைய கணினி ஒன்றில், என்றோ யாருக்கோ அனுப்பிய ஒரு மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.