அருகில் நிற்பது தேர்வாகுமா?

பெண்கள் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி விரும்புகிறார்கள் என்று சொல்லப்படும்போது அதில் ஓர் இளக்காரம் ஒலிக்கிறது. சுயபுத்தி இல்லாதவள், கூட்டத்தோடு போகிறவள் என்று அதற்குப் பொருள். இந்த இளக்காரத்தை ஒரு சின்ன மீனை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கொசுப்புழுக்களைத் தின்னட்டும் என்று நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளில் விடுகிறார்களே, அந்தக் கப்பி மீன்தான். 1992இல் அமெரிக்க உயிரியலாளர் லீ டுகாட்கின் அதை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். தொட்டியின் இரு முனைகளிலும் ஓர் ஆண் மீன். அவற்றில் ஒன்றின் அருகே மட்டும் ஒரு பெண் மீன். நடுவிலிருந்து இன்னொரு பெண் மீன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் பெண்ணை அகற்றிவிட்டு, பார்த்தவளைத் திறந்துவிட்டார்கள். 20 முறையில் 17 முறை, துணையோடு காணப்பட்ட ஆணையே அவள் நாடினாள்.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. இளைய மீன்கள் மூத்தவற்றைப் பின்பற்றின. மூத்தவை இளையவற்றைப் பின்பற்றவில்லை. பொதுவாகக் கப்பிப் பெண்களுக்கு ஆரஞ்சு நிறம் மிகுந்த ஆணையே பிடிக்கும். இரண்டு ஆண்களுக்கும் நிற வேறுபாடு குறைவாக இருந்தபோது, மற்றவளின் துணை என்பதே முடிவைத் தீர்மானித்தது. வேறுபாடு 40 விழுக்காடு அளவுக்குப் போனதும் அவள் தன் கண்ணையே நம்பினாள். ஆக, பார்த்துச் செய்வது புத்தியின்மை அல்ல. தன் அறிவோடு இன்னொருத்தியின் அனுபவத்தையும் சேர்த்து எடைபோடும் வழி அது.

என் கேள்வி வேறு. அந்தச் சோதனையில் முதல் பெண் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆய்வாளர்தான் அவளை அங்கே வைத்தார். தடுப்பைத் தாண்டி அவளால் மறுமுனைக்குப் போக முடியாது. பார்த்தவளோ அந்த அருகாமையை விருப்பம் என்று படித்துக்கொண்டாள்.

நாமும் அப்படித்தான் படிக்கிறோம். கல்யாணப் புகைப்படத்தில் அவனருகே நிற்கும் பெண், அவனுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் ஆகிவிடுகிறாள். ‘அக்கா இருபது வருஷமா அவரோட குடும்பம் நடத்தலையா?’ என்று தங்கைக்குச் சொல்லப்படுகிறது. கையில் வருமானம் இல்லாததால், திரும்பிப்போகப் பிறந்த வீடு இல்லாததால், பிள்ளைகளுக்காக நின்றவளின் நிலை அடுத்தவளுக்கு ஆதாரமாகிறது. அக்காவின் மௌனம் சம்மதமாக எண்ணப்படுகிறது.

இதற்கு அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. தடுப்பை வைத்தவள் அவள் அல்லள். தங்கையிடம் ‘யாரையும் பார்க்காதே, தனியாக முடிவெடு’ என்பதும் சரியான அறிவுரையல்ல. மூத்தவர்களின் அனுபவத்தை விட்டால் அவளுக்கு மிஞ்சுவது தரகர் சொல்லும் விவரங்கள்தான்.

மீனால் முடியாத ஒன்று நமக்கு முடியும். நாம் கேட்கலாம்: அக்கா, நீ நின்றாயா, நிறுத்தப்பட்டாயா? ஆனால் கேட்டுவிட்டால் மட்டும் போதாது. உண்மையைச் சொன்ன பிறகும் அவளுக்கு உணவும் கூரையும் மரியாதையும் மிஞ்ச வேண்டும். அந்த உறுதி இல்லாத வரை அவளுடைய பதிலும் தடுப்புக்குப் பின்னாலிருந்து வரும் பதில்தான்.